கூட்டம் கடற்கரையில் இருந்தது

மலாயாவின் ஈப்போவில் எங்கள் தமிழர் சங்கத்துக் கட்டடத்தை ஜப்பான்காரர்கள் மூட்டை அடுக்கும் கிடங்காக வைத்திருந்தார்கள். யுத்தம் முடிந்து அதைத் திரும்ப வாங்கி, கூரை மாற்றி, சுண்ணாம்பு அடித்து, திறப்பு விழாவுக்கு நாள் பார்க்கும்போது எல்லோருக்கும் ஒரே ஆசை. யுத்தத்துக்கு முன்னால் வந்து ஆடிவிட்டுப் போன சென்னைக் கால்பந்து டீமை மறுபடி வரவழைக்க வேண்டும். கப்பல் போக்குவரத்து அப்போதுதான் மீண்டும் தொடங்கியிருந்தது. ரயில்வே ஆபீசில் எனக்கு நீண்ட விடுப்பு இருந்தது. மனைவிக்குச் சேலை, தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம், அப்படியே டீமையும் பேசி முடித்துவிட்டு வா என்று என்னை அனுப்பிவிட்டார்கள்.

அந்த டீமில் இடது ஓரத்தில் ஆடிய ஏழுமலையை ஈப்போ மறக்கவில்லை. வெறுங்காலோடு ஆடுவான். பந்து அவன் காலில் ஒட்டிக்கொண்டு வருவதுபோல் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் ஜனங்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றி வந்தார்கள். மற்றவர்கள் வராவிட்டாலும் அவன் வரவேண்டும் என்று எங்கள் காரியதரிசி துறைமுகம்வரை வந்து சொல்லி அனுப்பினார்.

மயிலாப்பூரில் என் சிநேகிதருடைய அண்ணா வெங்கட்ராமன் வீட்டு மாடி அறையில் தங்கினேன். சர்க்கார் ஆபீசில் கணக்கு வேலை பார்ப்பவர். சங்கீத சபை ஒன்றில் பழைய மெம்பர். பட்டணத்தில் அரிசி ரேஷன். இரவுக்குக் கோதுமை உப்புமாதான் என்று அவருடைய மனைவி மிகவும் சங்கடப்பட்டார். மரவள்ளிக்கிழங்கைத் தின்றே யுத்தத்தைக் கழித்த எனக்கு, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்த அந்த உப்புமா கல்யாணச் சாப்பாடாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவர் முகம் அப்போதுதான் தெளிந்தது.

நான் வந்த காரியத்தைச் சொன்னதும் வெங்கட்ராமன் வெற்றிலையை மடித்தபடி சிரித்தார்.

"ஃபுட்பாலுக்கு இங்க யார் போவா? சபான்னா மெம்பர் ஆகலாம். ஆத்துல எல்லாருமா போய் உக்காண்டு கேக்கலாம். பக்கத்து நாற்காலியில யாருன்னும் தெரியும். அங்க போனா வெய்யில்ல நின்னுண்டு கத்தணும். பொம்மனாட்டிகளுக்கு உக்கார ஒரு பெஞ்சு உண்டா?"

எங்கள் ஊர்த் திடலில் பெண்களுக்குத் தனியாகக் கொட்டகை போட்டிருப்பதை நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அந்தப் பெருமை அதிக நாள் நிலைக்கப் போவதில்லை என்று அப்போது தெரியாது.

மறுநாள் சாந்தோமுக்கு நடந்தே போனேன். கிளப்பின் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். அதில் இருந்தவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள். அதன் காரியதரிசி லாசரஸ் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர் குடும்பத்தில் எத்தனையோ தலைமுறையாக ஞானஸ்நானமும் கல்யாணமும் அதே மாதா கோயிலில்தான். ஐம்பதை நெருங்கிய வயது. மெலிந்த உடம்பு, சலவை கலையாத சட்டை, காலில் எப்போதும் பளபளக்கும் ஷூ.

ஈப்போ என்றதும் அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சாப்பிடாமல் போகக்கூடாது என்றார். அவருடைய மனைவி ஞானம்மாள் வஞ்சிர மீனைப் புளி கரைத்துக் குழம்பு வைத்திருந்தார். ரேஷன் அரிசியில் பாதி எனக்கே வந்துவிட்டது. சாப்பிடும்போது ஏழுமலையைப் பற்றி விசாரித்தேன். லாசரஸ் தண்ணீர் குடித்துவிட்டு, மலாயாவில் இப்போது மழைக்காலமா என்று கேட்டார். ஞானம்மாள் கணவரை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு மைதானத்தைக் காட்டினார். தகரக் கொட்டகை ஒன்று. உள்ளே ஒரு கேரம் பலகை, சில பிரம்பு நாற்காலிகள். எங்கள் ஊருக்கு வந்த டீமின் படம் சுவரில் தொங்கியது. நிலம் ஒரு தர்ம ஸ்தாபனத்தைச் சேர்ந்தது. குத்தகை முடியப் போகிறது. கிளப்புக்குப் போதுமான மெம்பர்கள் இருக்கிறார்கள் என்று காட்டினால் நீட்டித்துக் கொடுப்பார்கள். காட்டாவிட்டால் மனை போட்டு விற்றுவிடுவார்கள். பக்கத்து மனையில் ஏற்கெனவே அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டிய மண் மைதானத்துக் கோல் கம்பம் வரைக்கும் சரிந்து கிடந்தது.

மலாயாப் பயணம் என்று பேப்பரில் வந்தால் ஜனங்கள் சேர்வார்கள், நீங்கள் சமயத்தில் வந்தீர்கள் என்றார் லாசரஸ். நான் சேலை வாங்கவும் டீம் பேசவும் வந்தவன். ஒரு கிளப்பின் உயிர் என் கையில் இருப்பதுபோல் அவர் பேசியது எனக்குப் பயமாக இருந்தது.

சேலைக்காக மாம்பலம் போன அன்று பஸ் வழியில் நின்றுவிட்டது. பின்னால் கரியடுப்பு கட்டி ஓட்டுகிற வண்டி. டிரைவர் இறங்கிப் போய்க் கரியைக் கிளறினார். கண்டக்டர் ஆண்களை எல்லாம் இறங்கித் தள்ளச் சொன்னார். பட்டு அங்கவஸ்திரம் போட்ட ஒருவர் மட்டும், டிக்கெட் வாங்கியது தள்ளுவதற்கா என்று கேட்டு உட்கார்ந்தே இருந்தார். அவரையும் சேர்த்துத் தள்ளினோம். ஈப்போ பஸ்களைப் பற்றி இனிமேல் குறை சொல்வதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சேலைக் கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றார்கள். கரியும் வியர்வையுமாக நான் நின்ற கோலத்தைப் பார்த்து, முதலில் சோடா வரவழைத்தார். அரக்குச் சேலையை விரித்துக்கொண்டே எதற்காகப் பட்டணம் வந்தேன் என்று விசாரித்தார். கால்பந்து என்றதும் சேலையைக் கீழே வைத்துவிட்டார்.

"பாளையங்கோட்டைல படிக்கும்போது நானும் பந்து ஆடுனவன்தான். இந்தத் தெருவுல பாதிக் கடைக்காரன் அப்படித்தான். இங்க வந்து இத்தன வருசம் ஆச்சு, ஒரு ஆளு வந்து, வேய், நீரும் மெம்பரா சேரும்னு கேக்கலியே."

அப்படி ஒரு கிளப் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இதை லாசரஸிடம் சொன்னேன். கேட்டிருக்கலாம் என்றார். கடைக்காரர்களைக் கேட்டால் கிளப் தலைவருக்குப் பிடிக்காது என்று கமிட்டிக்காரர்கள் தாங்களாகவே நினைத்துக்கொண்டார்களாம். தலைவரிடம் யாரும் கேட்டுப் பார்க்கவும் இல்லை.

சனிக்கிழமை கிளப்புக்கு ஆட்டம் இருந்தது. கயிறு கட்டி, வாசலில் டிக்கெட் கொடுக்க ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் ஆபீஸ்காரர்கள் இன்னும் ஆபீசில் இருந்தார்கள். நிழல் என்று பார்த்தால் ஒரே ஒரு பூவரசு. அதன் கீழே ஒரு பாதிரியாரும், ஓய்வுபெற்ற இரண்டு வாத்தியார்களும், தூங்கிவிட்ட ஒரு கிழவரும் இருந்தார்கள். நல்ல ஆட்டக்காரர்களை ரயில்வேயும் மில்களும் வேலை கொடுத்து அழைத்துக்கொண்டுவிட்டன. மீந்தவர்கள் மனசோடுதான் ஆடினார்கள். ஆனால் கோல் விழுந்தபோது கைதட்ட நானும் பாதிரியாரும்தான்.

இடைவேளையின்போது கடல் பக்கமிருந்து ஒரு பெரிய ஆரவாரம் கேட்டது. சற்றுப் பொறுத்து மறுபடியும். லாசரஸ் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் புறப்பட்டேன்.

மாதா கோயிலைத் தாண்டி மணலில் இறங்கியதும் நின்றுவிட்டேன். ஈப்போத் திடலில்கூட அத்தனை ஜனத்தை நான் பார்த்ததில்லை. கட்டுமரங்களின் மேலும், குவித்த வலைகளின் மேலும், வெறும் மணலிலும் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கைக்குழந்தையோடு முன்வரிசையில் இருந்தார்கள். ஒருத்தி அடுப்பு மூட்டிக் கிளிஞ்சான் மீன் வறுத்துக்கொண்டே ஆட்டக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். ரிக்ஷாக்காரர்கள் வண்டியை ரோட்டில் சாய்த்துவிட்டு வந்திருந்தார்கள். துடுப்புகளை நட்டுக் கோல் கம்பமாக்கி, இரண்டு மீனவக் குப்பங்களின் ஆட்கள் எதிரெதிராக ஆடிக்கொண்டிருந்தார்கள். இடது ஓரத்தில் பந்து வந்ததும் கூட்டம் முழுவதும் எழுந்தது. ஏழுமலை கொஞ்சம் பருத்திருந்தான். கால் மாறவில்லை.

நான் திரும்பிப் போனபோது ஆட்டம் முடிந்து மைதானம் காலியாக இருந்தது. லாசரஸ் தனியாக வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார். பிறகு அவராகவே சொன்னார்.

மலாயாவிலிருந்து திரும்பிய வாரம் ஏழுமலை மெம்பர் ஆக வேண்டும் என்று கேட்டானாம். கமிட்டி கூடியது. ஆடுகிறவன் ஆடட்டும், அவனுக்கு மெம்பர் எதற்கு என்றார்கள். மீனவக் குப்பத்து ஆள் கொட்டகைக்குள் வந்து உட்காருவதில் ஒருவருக்கும் சம்மதம் இல்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. லாசரஸும் அந்தக் கூட்டத்தில் ஒன்றும் பேசவில்லை. ஏழுமலை சண்டை போடவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். அவன் ஆட்டம் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த குப்பமும் அதற்குப் பிறகு வரவில்லை.

"நான் வாத்தியார். வகுப்புல பையன் சரியான விடை சொன்னா உட்காருன்னு சொல்லுவேன். அன்னிக்கு அவன் கேட்டது சரிதான்னு எனக்குத் தெரியும் சார். வாயைத் திறக்கல."

மறுநாள் இருவருமாகக் குப்பத்துக்குப் போனோம். ஏழுமலை கட்டுமர நிழலில் வலை தைத்துக்கொண்டிருந்தான். லாசரஸைப் பார்த்ததும் எழுந்து நின்றான். ஈப்போ என்றதும் முகம் மலர்ந்தது. எங்கள் ஊர் மழை, சுண்ணாம்புக் குன்று, சீனன் கடை மீன் எல்லாம் அவனுக்கு ஞாபகம் இருந்தது. அவன் மனைவி வந்து, என்னையும் லாசரஸையும் சாயா குடிக்கச் சொன்னாள். லாசரஸ் ஷூவை மணலில் ஊன்றி நின்றபடியே குடித்தார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். ஏழுமலை ஊசியை வலையில் குத்தி வைத்தான்.

"ஆட்றதுக்கு இன்னா சார், கூப்ட்டா வர்றேன். ஆனா நானும் எங்க ஆளுங்க நாலு பேரும் மெம்பரா இருக்கணும். எங்களப் பார்த்து மத்தவங்களும் சேருவாங்க. சும்மா இல்ல, சந்தா கட்டித்தான்."

லாசரஸ் தலையசைத்தார். கமிட்டியில் பேசுவதாகச் சொன்னார். அப்போது ஏழுமலை என் பக்கம் திரும்பினான்.

"ஒங்க ஊர்ல ரப்பர் தோட்டத்துல பால் வெட்றவங்க கீறாங்களே, அவங்களுக்கு ஒங்க சங்கத்துல மெம்பர் கீதா?"

இல்லை என்றேன். குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் கடைக்காரர்களும்தான் எங்கள் மெம்பர்கள். தோட்டத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை நடந்து வந்து கயிற்றுக்கு வெளியே நின்று பார்ப்பார்கள்.

"அன்னிக்கி என்னத் தூக்கிகினு போனவங்க அவங்கதான். ராத்திரி அவங்க வூடு கீற லயத்துக்கு இட்டுகினு போயி சோறு போட்டாங்க. அவங்கல்லாம் நல்லா கீறாங்களா?"

பலர் ஜப்பான்காரர்கள் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பவில்லை என்றேன். அவன் வலையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏழுமலையை ஊரே தூக்கியது என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்த நான், தூக்கிய தோள்கள் யாருடையவை என்று பார்த்ததில்லை.

கமிட்டிக் கூட்டம் கோபாலபுரத்தில், தலைவர் பங்களாவில். லஸ்ஸில் டிராம் ஏறினோம். ராயப்பேட்டைக்கு முன்னால் திருப்பத்தில் கூரைமேலிருந்த கழி கம்பியை விட்டு நழுவி வண்டி நின்றுவிட்டது. கண்டக்டர் கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்தார். நாலு பக்கமிருந்தும் யோசனை சொன்னார்கள். லாசரஸ் எதையும் கவனிக்காமல் உதடு மட்டும் அசைய உட்கார்ந்திருந்தார். முதலில் ஜெபம் என்று நினைத்தேன். பிறகு கேட்டது, கமிட்டியில் பேச வேண்டியதை ஒத்திகை பார்க்கிறார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் காப்பி குடித்து முடித்திருந்தார்கள். தலைவர் வக்கீல். மரியாதை தெரிந்தவர். எங்களுக்குப் புதிதாகக் காப்பி போடச் சொன்னார். லாசரஸ் எழுந்து நின்று பேசினார். குப்பத்து ஐந்து பேரைச் சேர்த்தால் பின்னால் நூறு பேர் வருவார்கள், மாம்பலம் கடைக்காரர்களும் வருவார்கள், மைதானம் நிற்கும் என்றார். டிராமில் ஒத்திகை பார்த்ததில் ஒன்றையும் விடவில்லை.

தலைவர் பொறுமையாகக் கேட்டார். மலாயாவுக்கு ஏழுமலை தாராளமாகப் போகட்டும், வழிச்செலவு கிளப்பே பார்த்துக்கொள்ளும் என்றார். மெம்பர் என்பது வேறு விஷயம்.

"ஆண்டு விருந்துக்கு அவங்க குடும்பத்தோட வருவாங்க. நம்ம வீட்டுப் பெண்கள் அப்புறம் வருவாங்களா? இருக்கிற மெம்பரும் போயிடுவாங்க."

"இருக்கிறவங்க எங்கே சார் இருக்காங்க?" என்றார் லாசரஸ்.

தலைவர் என்னைப் பார்த்தார். உங்கள் சங்கம் பெரிய சங்கம், ஜனக்கூட்டத்துக்குப் பேர்போனது, அங்கே தோட்டத்து ஆட்களைச் சேர்த்திருக்கிறீர்களா என்று விசாரித்தார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. சேர்க்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன் என்று தொடர்ந்து சொன்னேன். அதற்குள் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். கை தூக்கச் சொன்னபோது லாசரஸின் கை ஒன்றுதான் உயர்ந்தது. கமிட்டியில் இருந்த அவருடைய மாதா கோயில்காரர்களும் தூக்கவில்லை. அவர் அவர்களையும் பார்த்துக்கொண்டே சிறிது நேரம் கையை இறக்காமல் இருந்தார்.

நான் விடவில்லை. கடற்கரை டீமையே அழைத்துக்கொண்டு வரட்டுமா என்று ஈப்போவுக்குத் தந்தி அடித்தேன். பதிவு பெற்ற சங்கமாக இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. அதை ஏழுமலையிடம் சொல்லப் போனபோது அவன் கடலுக்குப் போயிருந்தான். அவன் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

மெம்பர் போதாததால் மைதானத்துக் குத்தகையை நீட்டிக்கவில்லை; மலாயாப் பேச்சும் அதோடு நின்றது. நான் கப்பல் ஏறுவதற்கு முந்தின சனிக்கிழமை கிளப்பின் கடைசி ஆட்டம். பட்டணத்தின் வடக்கே இருந்து ஒரு மில் டீம் வந்திருந்தது. நான் போனபோது வாசலில் கூட்டம். டிக்கெட் கொடுப்பவர் கை ஓயாமல் கிழித்துக்கொண்டிருந்தார். குப்பம் முழுவதும் வந்திருந்தது. எல்லோரும் குளித்து, வெளுத்த துணி உடுத்தி, பெண்கள் பூ வைத்து, ஒரு கல்யாணத்துக்கு வந்ததுபோல் வந்திருந்தார்கள். ஒருவரும் கயிற்றைத் தாண்டிக் குதிக்கவில்லை. வரிசையில் நின்று காசு கொடுத்து டிக்கெட் வாங்கினார்கள். ஏழுமலையும் அந்த வரிசையில் நின்றான்.

கிளப்புக்கு ஆள் குறைந்தது. ஒருவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். லாசரஸ் கையில் ஒரு சட்டையோடு ஏழுமலை உட்கார்ந்திருந்த இடத்துக்கு நடந்து போனார். நான் பக்கத்திலேயே இருந்தேன். அவர் சட்டையை நீட்டினார்.

ஏழுமலை எழுந்து நின்றான். சட்டையை வாங்கவில்லை.

"இன்னிக்கி ஆட்டம் பாக்க வந்துகீறேன் சார். டிக்கெட் வாங்கிகினு வந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. லாசரஸ் கொட்டகைக்குள் போய் அந்தச் சட்டையைத் தானே போட்டுக்கொண்டு வெளியே வந்தார். ஷூவைக் கழற்றவில்லை. கால்சட்டையை முழங்கால்வரை மடித்து விட்டிருந்தார். மூச்சு வாங்க வாங்க ஆட்டம் முடிகிறவரை ஓடினார். பந்து அவர் காலில் பட்டபோதெல்லாம் குப்பம் கைதட்டியது. மில்காரர்கள் கோல்மேல் கோலாகப் போட்டார்கள். அவற்றுக்கும் தட்டினார்கள். நல்ல ஆட்டம் எதுவாக இருந்தாலும் தட்டினார்கள்.

முடிந்ததும் ஏழுமலை அவரிடம் வந்தான். நாளைக்குச் சாயங்காலம் கரைக்கு வாங்க சார், நம்ம ஆட்டத்துல எடம் கீது என்றான். லாசரஸ் வருகிறேன் என்றார். அவருக்கு அப்போதும் மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி கட்டி முடித்துவிட்டு, விடைபெற்று வரலாம் என்று கடற்கரைக்குப் போனேன். ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஏழுமலை பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். சார் வரலியா என்றான். வந்துவிடுவார் என்றேன். ஜனங்கள் காத்திருந்தார்கள். வெளிச்சம் குறையத் தொடங்கியதும் ஆரம்பித்துவிட்டார்கள்.

பாதி ஆட்டத்தில் நான் கிளம்பினேன். மாதா கோயில் மதில் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில், கல் பாவிய தரையின் கடைசி ஓரத்தில் லாசரஸ் நின்றுகொண்டிருந்தார். ஷூவுக்குப் பாலீஷ் போட்டிருந்தார். அங்கிருந்து ஆட்டம் சரியாகத் தெரியாது. அவர்கள் காத்திருந்தார்கள் என்று சொன்னேன். வாருங்கள், நானும் கூட வருகிறேன் என்றேன்.

அவர் குனிந்து ஷூமேல் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார்.

"சும்மா காத்து வாங்க வந்தேன் சார்" என்றார்.

கடல் பக்கம் கூட்டம் எழுந்து ஆரவாரித்தது. இடது ஓரத்தில் பந்து வந்திருக்க வேண்டும். இருவரும் அந்தச் சத்தம் அடங்குகிறவரை அங்கேயே நின்றோம். பிறகு அவர் என்னை லஸ் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.